மலையில கட்டுன வரப்பு

இளவரசு எங்க காயத்ரியோட பல்ல ஒடச்சது ஒரு கருவாட்டுக் கொழம்புக்காவ. உப்பு ஜாஸ்தியாப் போச்சாம். போச்சுன்னா ரெண்டு வார்த்தை திட்டு, சோத்துல மோர ஊத்தித் தின்னுட்டு எழுந்து போ. இவன் கொதிக்கிற சட்டியத் தூக்கி அவ மூஞ்சியில அடிச்சிருக்கான். முன்பல்லு ஒடஞ்சு, ஒதடு கிழிஞ்சு, கழுத்து வரைக்கும் வெந்து போச்சு. காட்டுமன்னார்கோயில்ல டவுன் பஸ் ஏறி, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிதம்பரத்துல வந்து எறங்குனவ, ஆட்டோ கூட வைக்காம அண்ணாமலை நகர் ரோட்டுல இருக்குற என் நர்சரிக்கு நடந்தே வந்தா. நான் ரோஜா பதியனுக்கு மண்ணு கலந்துகிட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா என் கூடப் பொறந்தவ ரத்தமும் கொழம்புமா நிக்கிறா. அந்த நேரத்துல அவன் மட்டும் எதுர நின்னிருந்தா அந்த மண்ணுலயே வச்சு மிதிச்சிருப்பேன்.

இது மொதல் தடவை இல்ல. முன்னாடி ரெண்டு தடவை இப்பிடித்தான் வந்தா. ரெண்டு தடவையும் பெரிய மனுசனுங்க நாலு பேரு ஒக்காந்து, வெத்தல பாக்கு மாத்தி, புத்தி சொல்லி அனுப்பி வச்சானுங்க. புத்தி யாருக்குன்னு கேக்குறீங்களா, அடி வாங்குனவளுக்குத்தான். அவன் அறுவடை மிஷின் வச்சிருக்கான், ஊர்ல பாதி பேரு நெல்லு அவன் கையாலதான் அறுபடணும், அவன யாரு கேப்பா? இந்தத் தடவையும் அவங்க ஆத்தா வந்து, அடியாத மாடு படியாதுன்னு நர்சரி வாசல்லயே நின்னு சொன்னா. ஒங்க மவன எவனும் அடிக்காம வளத்தீங்களா, அதான் இப்பிடி படியாம திரியுறான்னு நான் கேட்டேன். அதோட கெளம்பிட்டா. மறுநாளு அவன் மிஷின் ஆளுங்களோட வந்து என் தொட்டியெல்லாம் ஒதச்சு ஒடச்சான். எங்க போனாலும் தலைமுடியப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன், செத்தாலும் அவ என் பொண்டாட்டியாத்தான் சாவணும்னு ரோட்டுல நின்னு கத்திட்டுப் போனான்.

எங்கம்மா பட்டம்மா அழுதுகிட்டே, கல்லானாலும் கணவன்னு ஆரம்பிச்சுது. எம்மா, கல்லா இருந்தா சும்மா கெடக்குமே, இவன் கல்லத் தூக்கி எறியுறானேன்னு சொன்னேன்.

அந்த வாரந்தான் ரஃபியுதீன் பாய் வந்தாரு. பரங்கிப்பேட்டைக்காரரு, மலேசியாவுல ஓட்டல் வச்சிருக்காரு, வூட்டுக்கு வேணுங்குற செடியெல்லாம் எங்கிட்டதான் வாங்குவாரு. ஏற்காட்டு மலையில பழைய பங்களா ஒண்ணு வாங்கிட்டாராம். யாரோ வெள்ளக்காரன் வச்ச தோட்டம், நாலஞ்சு ஏக்கரா, ஆளு அண்டி எத்தினியோ வருசம் ஆவுதாம். காடாக் கெடக்குதும்மா, நீங்க வந்து அதத் திரும்பத் தோட்டமாக்கிக் குடுங்க, தங்க எடமிருக்குதுன்னாரு. எனக்குத் தெரிஞ்சது அரளி, குரோட்டன்ஸ், குண்டுமல்லி. மலைச்செடி எதையும் நான் கண்ணால பாத்தது கூட இல்ல. ஆனா பாய் வாய மூடுறதுக்குள்ள சரின்னுட்டேன். அந்த மலை இளவரசு கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருந்துது, எனக்கு அது போதும். எங்க போறோம்னு எங்கம்மாவுக்கு மட்டும் சொன்னேன். கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்.

நான், எங்க வூட்டுக்காரரு சடையப்பன், காயத்ரி மூணு பேரும் போனோம். நான் வீராணத்துத் தண்ணியில பொறந்து வளந்தவ. எங்க பக்கம் மேடுன்னா ஏரிக்கரை ஒண்ணுதான். அங்க போயி எறங்குனா, நிக்கிற எடத்துலயே ஒரு காலு மேலயும் ஒரு காலு கீழயும் இருக்குது. குளிருன்னா அம்மாம் குளிரு. எங்க வூட்டுக்காரரு குரங்கு குல்லா மாட்டி, சொட்டரு மேல சொட்டரு போட்டு, அதுக்கு மேல என் பழைய பொடவையச் சுத்திக்கிட்டு, கல்யாணத்துக்கு மூட்டையாக் கட்டி வச்ச பாத்திரம் கணக்கா ஒக்காந்திருந்தாரு. அவரு சாது. எறும்ப மிதிச்சாக் கூட மன்னிப்பு கேக்குற மனுசன். இவர வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்னு தலையில அடிச்சிக்கிட்டேன்.

தோட்டத்து கேட்டத் தொறக்கவே எங்களால முடியல. உள்ளாற உண்ணிமுள்ளு ஆள் ஒசரத்துக்கு மேல அடைச்சுக் கெடந்துது. பங்களா வாட்ச்மேன் ஆரோக்கியராஜு சேலத்துலேருந்து புதுசா வேலைக்கு வந்தவரு, அவருக்கும் எங்கள மாதிரியே ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள என்னா இருக்குன்னு கேட்டா, நான் எட்டிப் பாத்ததே இல்லக்கான்னுட்டாரு. சரி, வெட்டுனாத்தான் தெரியும்னு கொடுவாளத் தூக்கிட்டோம்.

தோட்ட வேலைன்னா பூவத் தடவிக் குடுக்குறதுன்னு நெனைக்கிறவங்க அங்க வந்து பாத்திருக்கணும். அது சண்டை. ஒரு கெளைய வெட்டுனா பத்து கெளை கையக் கீறும். முள்ளு ஒடம்புல ஒடிஞ்சு உள்ளாற நிக்கும், ராவெல்லாம் சீழ் வச்சு வலிக்கும். வேரு பாறை இடுக்குல போயி பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். கடப்பாரையப் போட்டு நெம்புனா கையில தோலு உரியும். ஒரு பொதருக்குள்ள குளவிக்கூட்டக் கலைச்சுட்டு எங்க வூட்டுக்காரரு மூஞ்சி வீங்கி ரெண்டு நாளு கண்ணே தொறக்கல. காயத்ரிதான் எங்க எல்லாரையும் வுட ஜாஸ்தி வெட்டுனா. மொதல்ல சும்மாதான் வெட்டிக்கிட்டு இருந்தா. அப்பறம் ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்க்குள்ளயே இந்தா, இந்தான்னு சொல்ல ஆரம்பிச்சா. ஒரு கல்லப் பொரட்டும்போது கண்ணாடி விரியன் ஒண்ணு சீறிக்கிட்டு எழுந்துது. நான் கத்துறதுக்குள்ள ஒரே வெட்டு. துண்டாப் போன பெறவும் நிறுத்தல, கொத்திக்கிட்டே இருக்கா, மண்ணு தெறிக்கிது. நான் போயிக் கையப் புடிச்சேன். போதும்டி, அது செத்து ரொம்ப நேரமாவுதுன்னேன். அப்பதான் நின்னா, மூச்சு வாங்குனா, மறுபடியும் முள்ள வெட்டப் போயிட்டா.

ஆனா ஒண்ணு சொல்லணும். முள்ளு போவப் போவ அடியில தோட்டம் இருந்துது. மலைச் சரிவுல கல்லு அடுக்கித் தட்டுத் தட்டா கட்டியிருந்தான் அந்த வெள்ளக்காரன். நடுவுல கல்லுப் படி. கீழ்த்தட்டுல பேரிக்கா மரம் நாலு, மேல பாசி ஏறி, சாவாம நின்னுது. ரோஜா எல்லாம் காட்டுச்செடியாப் போயி, அடி மரம் என் மணிக்கட்டு தண்டிக்கு இருந்துது. பங்களாவ ஒட்டி நீலப் பந்து பந்தா பூக்குற ஹைட்ரேஞ்சியா. மொதப் பூவ முள்ளுக்குள்ளேருந்து எடுத்துட்டு காயத்ரி சிரிச்சா பாருங்க, பல்லு ஒடஞ்ச வாயோட, கையால மறைக்காம சிரிச்சா. நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கச் சிந்துனேன். இவ பொழைச்சுப்பான்னு எனக்கு அன்னிக்குத்தான் தைரியம் வந்துது.

அங்கதான் நாங்க ஒரு முட்டாத்தனம் பண்ணோம். அத வேற ஊர்க்காரன் பண்ணியிருக்க மாட்டான்.

தட்டுக்கு ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழ வரைக்கும் கல்லு பதிச்ச கால்வாய் போச்சு. மழை பேஞ்சா தண்ணி அதுல சர்ருனு எறங்கி, தோட்டத்துல ஒரு செகண்டு கூட நிக்காம பள்ளத்துல போயி வுழுந்துடும். எனக்கு அதப் பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துது. எங்கப்பா வாய்க்கா தண்ணிக்காவ பக்கத்து வயக்காரன் கிட்ட மண்டை ஒடஞ்சவரு. கடமடையில கெடக்குறவனுக்குத்தான் தண்ணி அருமை தெரியும். எங்க சனங்க வயல்ல தண்ணி வந்தா வரப்பக் கட்டி நிறுத்துவோமே தவிர, போறத வேடிக்கை பாக்க மாட்டோம். என்னா பைத்தியக்காரன் இந்த வெள்ளக்காரன், செடிக்குத் தண்ணி வேணாமாடான்னு பேசிக்கிட்டு, நாங்களே மூணு பேரும் எறங்கி ரெண்டு கால்வாயையும் மேல மண்ணக் கொட்டி அடைச்சோம். மேல்தட்டு ஓரத்துல, நடவு வயலுக்கு அண்டை வெட்டி வரப்பு போடுற மாதிரி, முழங்கால் ஒசரத்துக்கு வரப்பு போட்டு, மண்வெட்டியால தட்டித் தட்டி மெழுவுனோம். மேல்தட்டத் தாங்குற கல்லுச் செவுத்துலயும் சுத்தம் பண்றோம்னு இடுக்குல இருந்த வேரையெல்லாம் நெம்பி எடுத்தாச்சு. செவுரு பாக்க புதுசு மாதிரி ஆயிடுச்சு. எங்க வூட்டுக்காரரு எட்ட நின்னு பாத்துட்டு, நம்ம ஊரு மாதிரியே இருக்கு லோகான்னாரு.

ஐப்பசி மழை புடிச்சுது. ஊர்ல பேயுற மாதிரி இல்ல, மேகமே தோட்டத்துக்குள்ள எறங்கி வந்து பேயுது. மேல்தட்டுல தண்ணி நின்னுது. தெனமும் காலையில போயிப் பாத்து, ஏரி மாதிரி நிக்கிதேன்னு சந்தோசப்பட்டோம். செவுத்து நடுவுல லேசா வயிறு வச்சிருந்துது. பழைய செவுரு, அப்பிடித்தான் இருக்கும்னு நெனைச்சோம்.

நாங்க இருக்குற எடத்த எங்கம்மா இளவரசுகிட்ட சொல்லிடுச்சு. அவனே நேராப் போயி கால்ல வுழுந்தானாம், திருந்திட்டேன் அத்த, என் பொண்டாட்டி இல்லாம சோறு எறங்கலன்னு அழுதானாம். புருசன் கேக்கும்போது எப்பிடிம்மா சொல்லாம இருக்குறதுன்னு அப்பறமா எங்கிட்ட கேட்டுது. அணைச்ச கற்பூரத்துக்கு என்னா மரியாதை, சொல்லுங்க.

மழை கொஞ்சம் வுட்ட ஒரு மத்தியானம். ஆரோக்கியராஜு சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாரு. நான் கீழ பேரி மரத்துக்கிட்ட இருந்தேன், எங்க வூட்டுக்காரரு நடுப்படியில கல்லு அடுக்கிக்கிட்டு இருந்தாரு, காயத்ரி மேல்தட்டுச் செவுத்துக்கு அடியில களை புடுங்கிக்கிட்டு இருந்தா. கேட்டுப் பக்கம் கார் சத்தம் கேட்டுது. பாய்தான் வர்றாருன்னு நெனைச்சேன். பாத்தா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இளவரசு கார்லேருந்து எறங்கி வர்றான், கையில வீச்சரிவா. தண்ணி போட்டிருந்தான். வாசம் எனக்கு அங்கேருந்தே தெரிஞ்சுது.

எங்க வூட்டுக்காரரு குறுக்கப் போனாரு. அந்தச் சாது மனுசன், குல்லாவக் கழட்டி கையில வச்சுக்கிட்டு, தம்பி மொதல்ல உக்காருங்க, டீ சாப்புடலாம்னு சொன்னாரு. இது என் காதால கேட்டது. அவன் ஒதுங்கு சகலன்னான். இவரு ஒதுங்கல. கையக் குறுக்க நீட்டுனாரு. அவ்ளோதான், அரிவா எறங்கிடுச்சு. சுண்டுவெரலும் மோதிரவெரலும் படியில போயி வுழுந்துது. இவரு கத்தக் கூட இல்ல, கையப் பாத்துக்கிட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு.

நான் எப்பிடி அந்தப் படி ஏறுனேன்னு தெரியல. மம்முட்டியத் திருப்பிப் புடிச்சு காம்பால அவன் முதுவுல வச்சேன் ஒண்ணு. அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க, அரிவா அவன் கையவுட்டுப் போயி முள்ளுக் குமிச்சல்ல வுழுந்துது. ரெண்டாவது அடிக்கு ஓங்கும்போது திரும்பி என் வயித்துல ஒதச்சான். நான் உருண்டு போயி படி ஓரத்துல மண்டை இடிச்சு வுழுந்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வருது. அந்த இருட்டுலயும் அவன் ஓடுறது தெரியுது.

காயத்ரிய எட்டிப் புடிச்சுட்டான். பின்னலக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு, செவுத்துல அவ தலைய மோதுனான். ஒண்ணு. ரெண்டு. சொன்னேன்ல, எங்க போனாலும் இழுத்துட்டுப் போவேன்னு சொன்னேன்லன்னு கேட்டுக் கேட்டு மோதுறான். அவ நெத்தியிலேருந்து ரத்தம் கண்ணுல எறங்குது. அவ கையில களை அறுக்குற கருக்கரிவா இருந்துது. வெட்டுடின்னு நான் கத்துனேன். கழுத்துலயே போடுடின்னு கத்துனேன். அவ கைய மேல தூக்குனா. தன் பின்னலப் புடிச்சு, காதோட ஒட்டி, கரகரன்னு அறுத்தா.

செவுத்துப் பக்கமா இழுத்துக்கிட்டு இருந்தவன் கையில முடி மட்டும் வந்துது. அவன் மல்லாக்கப் போயி செவுத்து மேல வுழுந்தான். அவ இந்தப் பக்கம் பாஞ்சு உருண்டா. அவ்ளோ நாளு வயிறு தள்ளிக்கிட்டு நின்ன செவுரு அந்த இடிக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துதோ என்னவோ, ஒரு உறுமல் கேட்டுது. அடுத்த நிமிசம் செவுரே இல்ல. நாங்க கட்டி வச்ச தண்ணி, மண்ணு, கல்லு, நட்ட செடி எல்லாம் ஒண்ணாச் சேந்து எறங்குது. நாங்க கெடந்த எடம் தப்பிச்சுது, அதுக்கு மேல இருந்த படி போச்சு. ரோஜா வரிசை போச்சு. எல்லாம் ஓஞ்சு பாத்தா, இளவரசு மார்பு வரைக்கும் சேத்துக்குள்ள இருக்கான். இடுப்பு மேல ஒரு கல்லு. அறுத்த பின்னல் இன்னும் அவன் கையில இருக்குது.

தண்ணி நிக்கல. கால்வாயத்தான் நாங்க அடைச்சுட்டோமே, மலைத் தண்ணி மொத்தமும் ஒடப்பு வழியா அவன் மேலதான் வருது. சேறு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. மார்பு, தோளு, கழுத்து. காயத்ரி, காயத்ரின்னு கூப்புடுறான். அடிக்கும்போது கூட பேரச் சொல்லி கூப்புடாதவன்.

நான் என் முந்தானையக் கிழிச்சு எங்க வூட்டுக்காரரு கையக் கட்டிக்கிட்டு இருந்தேன். கட்டக் கட்ட நனையுது. காயத்ரி மம்முட்டிய எடுக்குறதப் பாத்தேன். தலையில கடைசி அடி அடிக்கப் போறான்னுதான் நெனைச்சேன், நல்லாப் போடுன்னு மனசு சொல்லுச்சு. அவ அவனப் பாக்கவே இல்ல. சரிவுல மேல ஏறுனா. மண்ணு இன்னும் பேந்துகிட்டு இருக்கு, கால வச்ச எடமெல்லாம் கீழ போவுது. நாலு கால்ல ஏறி, நாங்க அடைச்ச கால்வாய் வாய்க்குப் போயி, வெட்டி எறியுறா. எங்கப்பா மடையத் தொறக்குற மாதிரியே, ரெண்டு காலையும் அகட்டி வச்சு, சரியான எடத்துல வெட்டுனா. ஒரு பக்கம் தொறந்துது. அப்பறம் மறுபக்கம். தண்ணி கல்லுக் கால்வாயில திரும்பி சர்ருனு போச்சு. அந்த வெள்ளக்காரன் எதுக்கு அத வெட்டி வச்சான்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

கீழ எறங்கி வந்து மண்டி போட்டு அவனச் சுத்தித் தோண்ட ஆரம்பிச்சா. சேறு வாய்க்கு வந்துடுச்சு, அவன் மூக்கத் தூக்கிக்கிட்டு இருக்கான். இவ வெறுங்கையால வாரி வாரி எறியுறா.

"வுடுடி அவன," நான் சொன்னேன். "ஒன் மாமா வெரலப் பாருடி. அவன் போயித் தொலையட்டும், நாம கையாலயா கொன்னோம்?"

அவ நிமிரல. "அக்கா, கடப்பாரைய எடுத்துட்டு வா. கல்ல நெம்பணும்."

"மாட்டேன்."

"அப்ப சும்மா இரு."

நான் போவல. இன்னிக்கும் சொல்றேன், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. டவுனுக்குப் போயிருந்த ஆரோக்கியராஜு அப்பதான் ஜீப்புல வந்து சேந்தாரு, அவரும் அவளும்தான் கல்ல நெம்பி அவன வெளிய இழுத்தாங்க. சேலம் ஆசுபத்திரிக்கு ஒரே ஜீப்புல போனோம். முன்னாடி நான் எங்க வூட்டுக்காரரு வெரல ஒரு பிளாஸ்டிக் பையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னாடி அவன் இடுப்பு நொறுங்கி முனகிக்கிட்டு கெடக்குறான், நடுவுல அவ தலை அலங்கோலமா, நெத்தியில ரத்தம் காஞ்சு ஒக்காந்திருக்கா. வெரலு ஒட்டல. அவன் பொழைச்சுட்டான்.

நாங்க சிதம்பரத்துக்கே திரும்பிட்டோம், ஆனா அன்னிலேருந்து நான் என் தங்கச்சிகிட்ட பேசல. என் வூட்டுலதான் இருந்தா, என் நர்சரியிலதான் வேலை செஞ்சா, சோறு போட்டு வச்சுட்டுப் போவேன், பேச மட்டும் மாட்டேன். எங்க வூட்டுக்காரரு மூணு வெரலால டம்ளரப் புடிக்கிறதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். ரஃபியுதீன் பாய் நல்ல மனுசன், ஒரு குத்தம் சொல்லல. தோட்டத்த மண்ணு அள்ளி மறுபடி கட்டுனாங்களாம், இந்தத் தடவை கால்வாயத் தொடாம.

ஊரு பேச்சு வேற மாதிரி திரும்பிடுச்சு. காட்டுமன்னார்கோயில்ல அவன் ஆளுங்க, பொண்டாட்டின்னா இப்பிடி இருக்கணும், எமன் வாயிலேருந்து புருசன இழுத்துட்டு வந்தாளேன்னு பெருமையாப் பேசுறானுங்க. எங்கம்மா மெதுவா வந்து, பாசம் இல்லாமயாடி தோண்டுனா, சேத்து வச்சுடலாமேன்னு கேட்டுது. எனக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான். சேத்துல தோண்டுனவ நாளைக்கு அவன் வூட்டு வாசலுக்கும் போயி நிப்பாளோன்னு பயம். அவ வெவாகரத்து கேட்டுக் கேசு போட்டப்ப கூட எனக்கு நம்பிக்கை வரல.

வெட்டுன கேசு சேலத்துல தனியா நடக்குது. வெவாகரத்துக் கேசு கடலூர்ல. விசாரணை அன்னிக்கு நானும் போயிருந்தேன், பின் பெஞ்சுல உக்காந்திருந்தேன். இளவரசு வாக்கர ஊனிக்கிட்டு வந்தான், நெத்தியில திருநூறு, கண்ணுல தண்ணி. அவன் வக்கீலு நல்லாப் பேசுனாரு. இந்தம்மா தன் உசிரப் பணயம் வச்சு புருசனக் காப்பாத்தியிருக்காங்க, இந்தக் குடும்பத்துல அன்பு சாவல, வெவாகரத்து குடுக்குறது பாவம்னாரு. கோர்ட்டுல இருந்தவங்கள்ல பாதிப் பேரு தலைய ஆட்டுனாங்க. ஜட்ஜம்மா காயத்ரியப் பாத்தாங்க. அவ முடி தோளு வரைக்குந்தான் இருந்துது.

"ஏம்மா, வேணாங்குற ஆள எதுக்கு உசிரக் குடுத்துத் தோண்டுன?"

காயத்ரி சத்தம் போடாமதான் சொன்னா.

"அவரு அன்னிக்குச் செத்திருந்தா, எனக்குப் பூவையும் பொட்டையும் எடுத்திருப்பாங்கம்மா. அவரு படத்துக்கு மாலை போட்டு, வருசா வருசம் என்னையே படையல் போட வச்சிருப்பாங்க. அடிச்சதப் பேசுனா, செத்தவரப் பேசக்கூடாதும்பாங்க. நான் சாவுற வரைக்கும் அவரு பொண்டாட்டிதான். அவரு உசிரோட இருந்தாத்தானம்மா நான் வேணாம்னு சொல்ல முடியும்?"

இளவரசு தரையவே பாத்துக்கிட்டு இருந்தான். அவளுக்குப் பயந்து அவன் தலை குனிஞ்சத நான் மொத மொத பாத்தது அன்னிக்குத்தான். அத்தினி மாசம் நான் அவகிட்ட மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேனே, பாவி, ஒரு நாளு ஒக்காந்து ஏண்டின்னு கேட்டிருக்கலாமே. கோர்ட்டுன்னு கூடப் பாக்காம எனக்கு அழுவை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. போலீஸ்காரம்மா வெளிய போவச் சொன்னாங்க, எழுந்து போயி வராண்டாவுல நின்னுகிட்டு என் தங்கச்சி வரட்டும்னு காத்திருந்தேன்.